பழைய மரத்தரை: மிஷின் எடுப்பதற்கு முன்னால்

சென்ற இதழில் பழைய கதவு நிலைகளைச் சுரண்டிப் பாலிஷ் போடுவது பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி கதவைப் பற்றியே இல்லை, காலுக்குக் கீழே கிடக்கிற மரத்தைப் பற்றித்தான். டொரன்டோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் நிறைய, குன்னூர் பங்களா ஒன்றைப் பற்றிக் கோவையிலிருந்து ஒன்று. அப்பாவிடம் தச்சு வேலை பழகிவிட்டு டொரன்டோவுக்குப் போய்ப் பதினெட்டு வருடம் மரத்தரை வேலைதான் பார்த்தேன் என்பதால் இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: வணக்கம் அண்ணா. டொரன்டோவில் டான்ஃபோர்த் பக்கம் 1920-களில் கட்டிய ஒரு வீடு வாங்கியிருக்கிறோம். மாடியில் கார்பெட் ஒரே நாற்றம். மூலையில் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன், அடியில் மரப்பலகை தெரிகிறது. கான்ட்ராக்டர் "இதெல்லாம் தேறாது, பிடுங்கிப் போட்டுவிட்டு லாமினேட் போட்டால் மூன்று நாளில் முடிந்துவிடும்" என்கிறார். என் கணவரோ, லாங் வீக்கெண்டில் மிஷின் வாடகைக்கு எடுத்து நாமே இழைத்துவிடலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
— ஒரு வாசகி, டொரன்டோ

பதில்: இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம் தங்கச்சி. முதலில் உங்களிடம் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

நீங்கள் சொல்கிற பகுதி எனக்கு நன்றாகத் தெரியும். டான் பள்ளத்தாக்கின் மேலே 1918-இல் பாலம் திறந்த பிறகுதான் டான்ஃபோர்த் பக்கம் வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. அந்த வீடுகளில் பெரும்பாலும் அடியில் அகலமான பைன் பலகை, அதன் மேல் குறுகலான ஓக் பட்டைகள். அந்த ஓக் நிதானமாக வளர்ந்த மரம். ரேகை நெருக்கமாக இருக்கும், நூறு வருடம் மிதித்தும் கெட்டியாக நிற்கும். அதைக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டு, மேலே மரப்படம் அச்சடித்த அட்டையைப் போடுவதற்கு எனக்கு மனசு வராது. லாமினேட்டை ஒரு தடவைகூட இழைக்க முடியாது என்பதையும் உங்கள் கான்ட்ராக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் உங்கள் கணவர் சொல்வதிலும் ஒரு ஆபத்து இருக்கிறது, அது பலகையின் கனம். ஓக் தரையில் பொதுவாக இரண்டு வகை பார்க்கலாம். ஒன்று முக்கால் அங்குலக் கனம், இரண்டேகால் அங்குல அகலம், பக்கவாட்டில் நாக்கும் காடியுமாக ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கும், ஆணி மேலே தெரியாது. இன்னொன்று மெல்லிசு. முக்கால் அங்குலத்தில் பாதிதான் இருக்கும், சிலது அதற்கும் குறைவு. ஒன்றரை, இரண்டு அங்குல அகலத்தில், மேலிருந்தே அடித்த சின்ன ஆணிகள் வரிசையாகப் புள்ளி வைத்த மாதிரி தெரியும். டொரன்டோவின் பழைய வீடுகளில் நான் அதிகம் பார்த்தது இந்த இரண்டாவது வகைதான். குனிந்து பாருங்கள், பலகைக்கு இரண்டு பக்கமும் ஆணிப் புள்ளி தெரிந்தால் மெல்லிசுத் தரை என்று எடுத்துக்கொள்ளலாம். கனத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் சூடான காற்று வருகிற தரைச் சல்லடையைத் தூக்குங்கள், பலகையின் வெட்டுமுகம் அங்கே தெரியும். ரேடியேட்டர் வைத்த வீடாக இருந்தால் குழாய் தரைக்குள் இறங்குகிற ஓட்டையில் டார்ச் அடித்துப் பாருங்கள், இல்லாவிட்டால் வாசற்படியில் இருக்கிற குறுக்குக் கட்டையைக் கழற்றிப் பாருங்கள்.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முழுசாக ஒரு முறை மிஷின் ஓட்டினால் அரை மில்லிமீட்டர், முரட்டுக் கையாக இருந்தால் ஒரு மில்லிமீட்டர் வரை மரம் போய்விடும். முக்கால் அங்குலப் பலகையிலும் நாக்குக்கு மேலே இருக்கிற கால் அங்குலச் சொச்சம்தான் நம் கணக்கில் வரும், அதற்குக் கீழே போனால் காடியின் உதடு பிளந்து சிலாம்பு சிலாம்பாகப் பெயரும். மெல்லிசுத் தரையில் இன்னும் மோசம், ஆணித் தலை வெளியே வந்துவிட்டால் அந்தத் தரை அதோடு முடிந்தது. போன தலைமுறையில் யார் எத்தனை முறை இழைத்தார்களோ நமக்குத் தெரியாது. அதனால்தான் மரத்தில் கை வைப்பதற்கு முன் மேல்பூச்சை மட்டும் சரிசெய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும்.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். கார்பெட்டை முழுசாகச் சுருட்டப் பார்க்காதீர்கள், முதுகு போய்விடும். பின்பக்கமாகத் திருப்பிக் கத்தியால் மூன்று அடிப் பட்டைகளாக அறுத்துச் சுருட்டி டேப் ஒட்டி வெளியே போடுங்கள். சுவரோரம் முழுக்க ஆணி மேலே நீட்டிக்கொண்டிருக்கிற பட்டை இருக்கும், அதைச் சின்னக் கடப்பாரையால் நெம்பி எடுக்க வேண்டும், நெம்பும்போது அடியில் ஒரு பட்டித்தகட்டை வைத்துக்கொண்டால் ஓக்கில் வடு விழாது. அப்புறம் ஸ்டேப்பிள். ஒரு அறையில் நூற்றுக்கணக்கில் இருக்கும், ஒவ்வொன்றாகக் குறடால் பிடுங்குவதைத் தவிர வேறு வழியே இல்லை. பிடுங்கி முடித்த பிறகு உள்ளங்கையால் தடவிப் பார்க்காதீர்கள், பட்டித்தகட்டைத் தரையோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டே போங்கள், மிச்சம் இருப்பது 'டிக்'கென்று தட்டுப்படும். ஒரு கால் முறிந்த ஸ்டேப்பிள் மிஷினுக்கடியில் மாட்டினால் உப்புத்தாள் கிழியும், பொறி பறக்கும், அந்தப் பொறி தூசிப் பையில் விழுந்து பற்றியதும் உண்டு.

இப்போது தரையைக் கூட்டிவிட்டு, மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஐந்து நிமிடம் முத்தாக அப்படியே நின்றால் மேல்பூச்சு உயிரோடு இருக்கிறது, மரம் குடித்துக் கறுத்தால் பூச்சு போய்விட்டது. இன்னொரு இடத்தில் ஸ்பிரிட் தொட்ட துணியை வைத்துத் தேயுங்கள். பூச்சு இளகிப் பிசுபிசுவென்று துணியில் ஒட்டினால் அது அவலரக்கு, நம் ஊரில் பிரெஞ்ச் பாலிஷ் போடுகிற அதே சரக்குதான். அந்தக் காலத்து அமெரிக்க, கனடிய வீட்டுத் தரைகளில் அதைத்தான் அதிகம் பூசினார்கள், உலகச் சந்தைக்கு அவலரக்கு பெருமளவில் போனதும் நம் இந்தியாவிலிருந்துதான். முதல் முறை ஒரு டொரன்டோ வீட்டில் துணியில் அந்தத் தேன் நிறத்தையும் வாசனையையும் பார்த்தபோது அப்பாவின் பட்டறை ஞாபகம் வந்து கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். டர்பெண்டைன் தொட்ட துணியில் மஞ்சளாக வழவழவென்று வந்தால் மெழுகு. மெழுகு இருந்தால் அதை முழுசாக எடுக்காமல் பாலியூரித்தேன் (பிளாஸ்டிக் படலம் மாதிரிக் காய்கிற இந்தக் காலத்துப் பூச்சு) பூசக் கூடாது, பிடிக்காது, உரிந்து வரும்.

பூச்சு இருக்கிறது, மங்கியும் கீறியும்தான் போயிருக்கிறது, மெழுகும் இல்லை என்றால் மரத்தை இழைக்கவே வேண்டாம். வட்டமாகச் சுழல்கிற மிஷினில் மெல்லிய சல்லடைத்தாள் (வலை மாதிரி இருக்கிற உப்புத்தாள்) போட்டு மேல்பூச்சை மட்டும் லேசாகச் சொரசொரப்பாக்கி, தூசி துடைத்து, புதுசாக ஒரு கோட் பூசினால் போதும். நான் பார்த்த வீடுகளில் பலவற்றுக்கு இதுவே போதுமானதாக இருந்தது. அவலரக்கு என்றால் ஸ்பிரிட் வைத்துச் சுத்தம் செய்து, அதன் மேலேயே புது அவலரக்கைப் பூசலாம், பழசும் புதுசும் கரைந்து ஒன்றாகிவிடும். ஈரமும் சாராயமும் பட்டால் வெள்ளை பூக்கும், அதனால் சமையலறைக்கு வேண்டாம், படுக்கையறைக்கு அழகு.

இழைத்தே ஆக வேண்டும், பலகையிலும் கனம் இருக்கிறது என்றால், கீழே சொல்வதைக் கவனியுங்கள். கடையில் வாடகைக்குக் கொடுப்பது பெரும்பாலும் டிரம் சாண்டர். உருளை சுற்றிக்கொண்டே தரையைத் தொடும், நீங்கள் நடந்துகொண்டே இருக்க வேண்டும், ஒரு நொடி நின்றால் அந்த இடத்தில் குழி. நான் டொரன்டோ போன முதல் வருடம், ஒரு வீட்டின் ஜன்னலோரம் மின்கம்பியை ஒதுக்குவதற்காக நடையை நிறுத்தினேன், உருளையைத் தூக்கவில்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம். காலையில் தெரியவே இல்லை, மாலை வெயில் சாய்வாக விழுந்ததும் அதில் நிழல் கட்டி நின்றது. வீட்டுக்கார அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஒரு துணிப்பெட்டியை நகர்த்தி அதன் மேல் வைத்தார். அந்த மரத்தை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அதனால் முதல் முறை செய்கிறவர்களுக்கு நான் சொல்வது, டிரம் வேண்டாம், தட்டையாக அதிர்ந்து சுழல்கிற ஆர்பிட்டல் மிஷின் கேளுங்கள். இரண்டு மடங்கு நேரம் ஆகும், ஆனால் குழி விழாது. மெல்லிசுத் தரைக்கு இது மட்டும்தான்.

உப்புத்தாளில் 36 அல்லது 40-ஆம் எண்ணில் (எண் சின்னதானால் தாள் முரடு) ஆரம்பித்து 60, 80, கடைசியில் 100. தரை ரொம்ப மோசமில்லை என்றால் 60-லேயே ஆரம்பியுங்கள். நடுவில் ஒன்றைத் தாண்டிக் குதித்தால் முரட்டுத் தாளின் கீறல் அப்படியே நிற்கும், அது பூச்சு போட்ட பிறகுதான் பளிச்சென்று தெரியும், அப்போது திரும்ப முதலிலிருந்து. மேலிருந்து அடித்த ஆணிகளை இழைப்பதற்கு முன்பே பஞ்ச் வைத்துத் தட்டி உள்ளே இறக்கிவிடுங்கள். மூலைகளுக்கு மிஷின் போகாது, கையால் சுரண்டி வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. 1960-க்கு முன் கட்டிய வீட்டில் பழைய பெயின்டில் ஈயம் இருக்கும் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். தரையோரத்தில் பெயின்ட் அடித்த பட்டை இருந்தாலோ, வீட்டில் சின்னக் குழந்தை இருந்தாலோ, கர்ப்பிணி இருந்தாலோ, சோதனைக்குக் கொடுத்துப் பார்க்காமல் மிஷின் வைக்காதீர்கள். அப்புறம் அந்தத் தூசிப் பையை ராத்திரி வீட்டுக்குள் வைக்காதீர்கள், மரத்தூளும் பழைய பூச்சுத் தூளும் கலந்து தானாகவே சூடேறிப் பற்றும். இரும்பு டப்பாவில் கொட்டி வெளியே தள்ளி வையுங்கள்.

கேள்வி: சமையலறையில் லினோலியத்தைப் பிரித்தால் அடியில் ஒன்பது அங்குலச் சதுர டைல், அதற்கடியில் கறுப்புப் பசை, அதற்கும் அடியில் மரம். பசையையும் சேர்த்து மிஷினிலேயே எடுத்துவிடலாமா?
— ஒரு வாசகர், ஹாமில்டன், கனடா

பதில்: கூடாது. தயவுசெய்து இன்றைக்கே வேலையை நிறுத்துங்கள். ஒன்பது அங்குல டைலிலும் அந்தக் கறுப்புப் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அசையாமல் கிடக்கிற வரைக்கும் அதனால் பெரிய தொல்லை இல்லை, இழைத்தால் கண்ணுக்குத் தெரியாத நாராகக் காற்றில் கலந்து நுரையீரலில் போய்த் தங்கும், அதன் விளைவு இருபது முப்பது வருடம் கழித்துத்தான் வெளியே வரும். கனடாவில் ஆஸ்பெஸ்டாஸ் பொருட்களுக்குப் பொதுவான தடை வந்ததே 2018-இல்தான், அதற்கு முந்தைய வீடுகளில் இருப்பது ஆச்சரியம் இல்லை. கழன்று கிடக்கிற ஒரு துண்டை ஈரப்படுத்தி, பிளாஸ்டிக் பையில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள், செலவு அதிகம் ஆகாது. இருக்கிறது என்று வந்தால் இரண்டே வழி, அதற்கென்று பயிற்சி பெற்றவர்களை வைத்து எடுப்பது, அல்லது தொடாமல் அதன் மேலேயே புதுத் தரை போட்டு மூடுவது. சமையலறைக்காக ஓக்கை விட்டுக்கொடுக்கலாம், நுரையீரலை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கேள்வி: ஓக் தரையில் பூந்தொட்டி வைத்திருந்த இடத்தில் வட்டமாகக் கறுப்புக் கறை. எவ்வளவு இழைத்தாலும் போகவில்லை.
— ஒரு வாசகி, மிசிசாகா

பதில்: இழைப்பதை நிறுத்துங்கள், அது அழுக்கு இல்லை. ஓக்கில் டானின் என்கிற துவர்ப்புச் சத்து நிறைய உண்டு, அதோடு தண்ணீரும் இரும்பும் சேர்ந்தால் மை ஆகிவிடும். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து நம் பெரியவர்கள் எழுதுவதற்கு மை காய்ச்சினார்களே, அதே சங்கதிதான் உங்கள் தொட்டிக்கு அடியிலும் நடந்திருக்கிறது. இதற்கு மருந்து ஆக்சாலிக் அமிலம், தூளாகக் கிடைக்கும். வெந்நீரில் கரைத்து, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, கறை மேல் தடவி விடுங்கள், கொஞ்ச நேரத்தில் வெளுப்பது கண்ணெதிரே தெரியும். கறையில் மட்டும் தடவினால் வெள்ளை வட்டம் நிற்கும், அதனால் பலகை முடிகிற இடம் வரை தடவுங்கள். பிறகு இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, முழுசாகக் காயவிட வேண்டும். காய்ந்து உப்பு பூத்திருப்பதை இழைத்துக் காற்றில் கிளப்பாதீர்கள், அது விஷம்.

நாய் பூனை மூத்திரக் கறை இதற்கு அசையாது, ஆழமாகப் போயிருக்கும். அந்த நாலு பலகையை மட்டும் எடுத்துவிட்டு, துணி அலமாரிக்குள் இருக்கிற தரையிலிருந்து நாலு பலகையைப் பெயர்த்து இங்கே போடுங்கள். அதே வயது, அதே ரேகை, கடையில் புதுசு வாங்கினால் இந்தப் பொருத்தம் கிடைக்காது. அலமாரிக்குள் புதுப்பலகை போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: லண்டனில் நாங்கள் இருப்பது விக்டோரியா காலத்து வரிசை வீடு. மரத்தரையைத் திறந்துவிட்டோம். ஓக் இல்லை, ஏதோ மஞ்சள் மரம். சுவரோரம் மட்டும் இரண்டடிக்குக் கறுப்பாக ஏதோ பூசியிருக்கிறது. பலகை இடுக்கிலிருந்து குளிர்காற்று ஊதுகிறது. இதைக் காப்பாற்றலாமா?
— ஒரு வாசகர், ஈஸ்ட் ஹாம்

பதில்: காப்பாற்றலாம். ஆனால் அந்தத் தரை எதற்காகப் போட்டது என்று தெரிந்துகொண்டு ஆரம்பியுங்கள். அது பைன். அந்தக் காலத்தில் சாதாரண வீடுகளில் இதைக் காட்சிக்கு வைக்கவில்லை, நடுவில் ஒரு சதுரக் கம்பளம் விரித்து, அதைச் சுற்றித் தெரிகிற ஓரத்துக்கு மட்டும் கறுப்பாகச் சாயம் பூசினார்கள். நீங்கள் பார்க்கிற இரண்டடிக் கறுப்பு அதுதான். மிஷின் வைத்தால் சூட்டில் இளகி உப்புத்தாளை அடைத்துக்கொள்ளும், ஈயமும் இருக்கலாம், அதனால் பெயின்ட் ரிமூவர் தடவிச் சுரண்டி எடுங்கள். முழுசாகப் போகாது. பாதி பேர் அந்த ஓரத்தை அப்படியே வைத்துக்கொள்கிறார்கள், எனக்கும் அது பிடிக்கும்.

பலகைகளுக்கு நாக்கும் காடியும் கிடையாது, பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தட்டை ஆணி அடித்தது, அடியில் வெற்றிடம், வெளிச்சுவரில் காற்றுத் துளை. காற்று ஊதத்தான் செய்யும். மரத்தூளும் பசையும் குழைத்து இடுக்கில் அடைக்கச் சொல்வார்கள், பலகை ஒரு குளிர்காலம் சுருங்கினால் அது பொரிப் பொரியாக உதிரும். பைன் மரத்திலேயே மெல்லிய ஆப்பு மாதிரிச் சீவி, ஒரு பக்கம் மட்டும் பசை தடவி இடுக்கில் தட்டி இறக்கி, மேலே நீட்டுவதை இழைத்துவிடுங்கள். ஒரு அறைக்கு ஒரு வாரம் ஆகும், பொறுமையான வேலை, ஆனால் நிற்கும். பலகையைத் தூக்குகிற நேரம் வந்தால் அடிச்சட்டங்களுக்கு நடுவில் வலை கட்டிக் கம்பளிப் பஞ்சு மாதிரியான இன்சுலேஷனை வைக்கலாம். ஆனால் வெளிச்சுவரின் காற்றுத் துளையை மட்டும் எந்தக் காரணத்துக்கும் அடைக்காதீர்கள், அது அடைந்தால் என்ன ஆகும் என்பதைக் கீழே குன்னூர்க் கடிதத்தில் பாருங்கள். பலகைக்கடியில் காஸ் குழாயும் மின்கம்பியும் ஓடும், கண்ணை மூடிக்கொண்டு ரம்பம் போடாதீர்கள்.

கேள்வி: ஜனவரியில் ஓக் பலகைகளுக்கு நடுவே காசு நுழைகிற அளவுக்கு இடைவெளி. பட்டி போட்டு அடைக்கவா?
— ஒரு வாசகர், மாண்ட்ரியல்

பதில்: வேண்டாம். குளிர்காலத்தில் ஹீட்டர் காற்றைக் காயவைக்கிறது, மரம் சுருங்குகிறது, ஜூலையில் தானாக மூடிக்கொள்ளும். இப்போது அடைத்தால் கோடையில் மரம் ஊத இடமில்லாமல் பலகை விளிம்பு தூக்கிக்கொள்ளும். ஈரப்பதத்தை 35-லிருந்து 50 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

கேள்வி: குன்னூரில் தாத்தா வாங்கிப் போட்ட பழைய பங்களா. வரவேற்பறையில் தேக்குப் பலகைத் தரை. ஒரு மூலையில் நடந்தால் மெத்தை மாதிரி அமுங்குகிறது, பூஞ்சை வாசனை. உள்ளூரில் கேட்டால் மேலே வினைல் ஷீட் ஒட்டிவிடலாம் என்கிறார்கள்.
— ஒரு வாசகர், கோவை

பதில்: ஐயா, வினைல் ஒட்டினால் உள்ளே இருக்கிற ஈரத்துக்குப் போக வழியே இருக்காது, மிச்சத் தரையும் போய்விடும்.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றிய கேள்வி, அந்த மூலைக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதுதான். மலையில் வெள்ளைக்காரர்கள் கட்டிய வீடுகளில் மரத்தரை மண்ணைத் தொடாது. கல் அடித்தளம், அதன்மேல் சட்டம், சட்டத்தின் மேல் பலகை, அடியில் இரண்டடி வெற்றிடம். அந்த வெற்றிடத்துக்குள் காற்று போய் வர அடித்தளத்தில் இரும்புச் சல்லடை போட்ட துளைகள் இருக்கும். காலப்போக்கில் எலி வருகிறது என்று யாரோ ஒருவர் அதைச் சிமென்ட் வைத்துப் பூசியிருப்பார், அல்லது பூச்செடிக்காக மண்ணைக் கொட்டிக் கொட்டி மேடாக்கியிருப்பார்கள். குன்னூரில் வடகிழக்குப் பருவமழை எப்படி அடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி கார்த்திகை ஈரம் உள்ளே போய்த் தேங்கினால் வெளியே வர ஒரு வழி வேண்டாமா?

முதலில் அந்த மண்ணை வெட்டி இறக்குங்கள், துளைகளைத் திறங்கள், ஓட்டிலிருந்து விழுகிற தண்ணீர் சுவரை விட்டுத் தள்ளிப் போக வாய்க்கால் எடுங்கள். அமுங்குகிற இடத்தில் நாலு பலகையைப் பதமாக நெம்பித் தூக்கி, பின்பக்கம் எண் எழுதி அடுக்கி வையுங்கள். கீழே சட்டத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். கட்டியாக இருந்தால் 'டொக்'கென்று நிற்கும், உளுத்திருந்தால் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கும். மேலே பலகை தேக்காக இருந்தாலும் அடிச்சட்டம் வேறு மரமாக இருப்பதுண்டு, சுவருக்குள் செருகியிருக்கிற அதன் முனைதான் முதலில் போகும். போன முனையை நல்ல மரம் வரை வெட்டி எடுத்துவிட்டு, மருந்து பாய்ச்சிய புதுச் சட்டத்தைப் பக்கத்தில் சேர்த்து போல்ட் போட்டு முடுக்கலாம். சுவரைத் தொடுகிற இடத்தில் தார்த்தாள் சுற்றி வையுங்கள்.

இந்த வேலையெல்லாம் முடிந்து ஒரு கோடை முழுக்கக் காய்ந்த பிறகுதான் பாலிஷைப் பற்றி யோசிக்க வேண்டும். தூக்கி வைத்த தேக்குப் பலகையின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் நீங்களே அசந்துபோவீர்கள், அறுத்த அன்றைக்கு இருந்த நிறம் அப்படியே இருக்கும். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு, பூச்சு போடுவதற்குச் சற்று முன் தின்னர் தொட்ட துணியால் ஒரு முறை துடைத்துவிட்டுப் பூசினால்தான் பிடிக்கும். தேக்குத் தூள் சிலருக்கு அரிப்பும் இருமலும் கொடுக்கும், முகமூடி கட்டாயம்.

கேள்வி: இழைத்து முடித்துவிட்டோம். தண்ணீரில் கலந்த பாலியூரித்தேனா, எண்ணெய் பாலியூரித்தேனா, இல்லை வெறும் எண்ணெயா?
— ஒரு வாசகி, மார்க்கம்

பதில்: வீட்டில் குழந்தைகள், அல்லது வேறு இடத்தில் போய்த் தங்க முடியாது என்றால் தண்ணீர்வகை. வாசனை குறைவு, இரண்டு மூன்று மணி நேரத்தில் அடுத்த கோட், மூன்று நாலு கோட் வேண்டும். நிறத்தை மாற்றாது, அதனால் ஓக் கொஞ்சம் வெளிறித் தெரியும். எண்ணெய் வகை பூசினால் தேன் நிறம் வரும், பழைய வீட்டுக்கு அது பாந்தமாக இருக்கும், ஆனால் கோட்டுக்குக் கோட் ஒரு நாள் காத்திருக்க வேண்டும், வாசனையில் வீட்டில் இருக்க முடியாது. எதைப் பூசினாலும் அவசரப்பட்டு விரிப்பு போடாதீர்கள், தண்ணீர்வகைக்கு இரண்டு வாரம், எண்ணெய் வகைக்கு ஒரு மாதம்.

வெறும் எண்ணெய் (ஆளிவிதை, டங், மெழுகு கலந்த எண்ணெய்) எனக்கு மிகவும் பிடித்தது. தேய்ந்த இடத்தில் மட்டும் திரும்பத் தடவிக்கொள்ளலாம், இழைக்கவே வேண்டாம். ஆனால் துடைத்த துணி விஷயத்தில் கவனம். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூட்டைக் கக்கும், துணி கசங்கிக் குவிந்து கிடந்தால் அந்தச் சூடு வெளியே போக முடியாமல் தானாகத் தீப்பிடிக்கும். ஒரு வேலையில் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் வாளிக்குள் சுருட்டிப் போட்ட துணியிலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது, தொட்டால் அடுப்பில் இருந்த தோசைக்கல் மாதிரி சூடு. வீட்டுக்காரர்கள் அன்றைக்கு ஊரிலேயே இல்லை. சாயங்காலம் பூட்டிவிட்டுப் போயிருந்தால் வீடே போயிருக்கும். துணியை வெளியே கொடியில் ஒற்றையாக விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பி மூடி போட்ட இரும்பு டப்பாவில் அமுக்கி வையுங்கள்.

கேள்வி: நடக்கும்போது 'கிரீச் கிரீச்' சத்தம்.
— ஒரு வாசகர், பிராம்ப்டன்

பதில்: கீழே பேஸ்மென்டிலிருந்து பாருங்கள், மேலே ஒருவரை நடக்கச் சொல்லுங்கள். சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவில் இடைவெளி தெரிகிற இடத்தில் மெல்லிய ஆப்பில் பசை தடவிக் கையால் செருகுங்கள், சுத்தியலால் ஓங்கி அடித்தால் பலகை தூக்கிக்கொண்டு புதுச் சத்தம் வரும். கீழே போக வழியில்லை என்றால் இடுக்கில் டால்கம் பவுடரைத் தூவித் துணியால் தேய்த்துவிடுங்கள், சில மாதம் தாங்கும்.

கேள்வி: ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். தினமும் காலையில் புதுசாகப் பாலிஷ் போட்ட தரையில் வாளித் தண்ணீரும் ஈரத் துணியுமாகத் துடைக்கிறார். சொன்னால் வருத்தப்படுகிறார். பூஜை விளக்கிலிருந்து எண்ணெயும் சொட்டுகிறது. என்ன செய்வது அண்ணா?
— ஒரு வாசகி, ஸ்கார்பரோ

பதில்: அம்மாவை வருத்தப்படுத்த வேண்டாம். சிமென்ட் தரையும் மொசைக்கும் துடைத்துப் பழகிய கை, தண்ணீர் படாமல் தரை சுத்தமானதாக அவருக்குத் தோன்றாது. மைக்ரோஃபைபர் துணி போட்ட தட்டை மாப் ஒன்று வாங்கி, நன்றாகப் பிழிந்து, துடைத்த ஒரு நிமிடத்தில் தரை காய்ந்துவிட வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், அதை அவரே நேரம் பார்த்துச் சரியாகச் செய்துவிடுவார். வினிகர் வேண்டாம், நீராவி மாப் வேண்டவே வேண்டாம், பலகை இடுக்கு வழியாக ஈரத்தை உள்ளே அனுப்பிவிடும். விளக்கெண்ணெயோ நல்லெண்ணெயோ சொட்டினால் உடனே துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, டால்கம் பவுடரைக் கொட்டி ஒரு ராத்திரி விட்டால் மிச்சத்தை உறிஞ்சிவிடும். எண்ணெய் ஊறின இடத்தில் பின்னால் புதுப்பூச்சு பிடிக்காது, அதனால் விளக்குக்கு அடியில் விளிம்பு தூக்கிய ஒரு பித்தளைத் தாம்பாளம் வையுங்கள், தாம்பாளத்தின் அடியில் நாலு ஃபெல்ட் பொட்டு ஒட்டிவிடுங்கள்.